ஆஸ்பர்ன் மாளிகை: விக்டோரியா காலத்துக் கடலோரக் கோடைவீடு என்றால் என்ன?

கோடை வாசஸ்தலம் என்றதும் நம் மனசு நேராக மலையேறிவிடும். ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு என்று வெயிலுக்குத் தப்பிப் போகிற இடங்கள்தான் நமக்கு நினைவு வரும். சென்னையில் இருந்த வெள்ளைக்கார அதிகாரிகளும் அதைத்தான் செய்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கோடை வந்தால் மாகாண அரசாங்கமே உதகமண்டலத்துக்கு இடம் மாறிவிடும். ஆனால் அதே காலத்தில், அவர்களுடைய சொந்த நாட்டில் கோடைவீடு கட்டியதன் நோக்கமே வேறு. இங்கிலாந்தில் கோடை இதமானது, வருஷத்தில் வெயிலைப் பார்ப்பதே அப்போதுதான். அதனால் அங்கே கோடைவீடு கட்டுகிறவர் வெயிலையும் வெளிச்சத்தையும் தேடித்தான் போனார். தேடிப் போன இடம் பெரும்பாலும் கடற்கரை.

இந்த ஒன்றை மனசில் வைத்துக்கொண்டால், அந்தக் காலத்துக் கடலோர மாளிகைகளில் ஜன்னல்கள் ஏன் அவ்வளவு பெரியவை, வீட்டின் முக்கிய அறைகள் ஏன் சாலையை விட்டுக் கடலைப் பார்த்துத் திரும்பி நிற்கின்றன என்பதெல்லாம் எளிதில் புரியும்.

விக்டோரியா காலம் என்பது விக்டோரியா அரசி ஆண்ட 1837 முதல் 1901 வரையான ஆண்டுகள். அந்தக் காலத்துக் கோடைவீட்டைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு வீட்டைப் பார்த்தால் போதும் என்றால், நான் அவருடைய வீட்டையே காட்டுவேன். இங்கிலாந்தின் தென்கரையை ஒட்டிய ஐல் ஆஃப் வைட் தீவில் இருக்கும் ஆஸ்பர்ன் மாளிகை அது. அரச மாளிகைதான், சாதாரண வீடு இல்லை. ஆனால் ஒரு கோடைவீட்டுக்கு என்னென்ன ஆசைகள் இருக்குமோ, அந்த ஆசைகளுக்கு என்னென்ன இடையூறுகள் வருமோ, அத்தனையும் இங்கே சுவராகவும் கதவாகவும் நிற்கின்றன.

ஏன் கடல்?

அன்றைய லண்டன் நிலக்கரிப் புகையில் மூழ்கிய ஊர். கழிவுநீர் தேம்ஸ் நதியில் கலந்தது. 1858 கோடையில் ஆற்றின் நாற்றம் தாங்காமல் நாடாளுமன்றக் கட்டடத்தின் திரைச்சீலைகளைச் சுண்ணாம்புக் குளோரைடு கரைசலில் நனைத்துத் தொங்கவிட வேண்டியதாயிற்று. காலரா திரும்பத் திரும்ப வந்தது. கெட்ட காற்றுதான் நோயைக் கொண்டுவருகிறது என்று படித்தவர்களே நம்பிய காலம். கெட்ட காற்று நோய் என்றால் நல்ல காற்று மருந்துதானே? ரிச்சர்ட் ரஸல் என்ற மருத்துவர் 1750களிலேயே கடல்நீரில் குளிப்பதையும், ஏன், அதைக் குடிப்பதையும்கூட வைத்தியமாக எழுதிக் கொடுத்தார். அவரிடம் வந்த நோயாளிகளால்தான் பிரைட்டன் என்ற மீனவ ஊர் பெரிய ஊராக வளரத் தொடங்கியது.

அப்புறம் ரயில் வந்தது. 1841-ல் லண்டனையும் பிரைட்டனையும் ரயில்பாதை இணைத்தது. அதுவரை குதிரை வண்டிக்கும் நீண்ட விடுமுறைக்கும் வசதி இருந்தவர்களுக்கு மட்டும் கிடைத்த கடல், ஒருநாள் டிக்கெட் வாங்க முடிந்த எல்லோருக்கும் கிடைத்தது. இது நல்ல விஷயம். ஆனால் கூட்டத்தை விட்டு விலகி இருக்க விரும்பிய பணக்காரர்களுக்கு இது ஒரு சிக்கல். கடலும் வேண்டும், கடற்கரையில் வேறு யாரும் இருக்கவும் கூடாது. விக்டோரியா காலத்துக் கடலோர மாளிகை இந்த ஆசையில்தான் பிறந்தது.

அரசிக்கு இந்தச் சிக்கல் ரொம்பவே முற்றியிருந்தது. பிரைட்டனில் அவருக்கு ஏற்கனவே ஒரு கடலோர அரண்மனை இருந்தது. பெரியப்பா நான்காம் ஜார்ஜ் கட்டிய ராயல் பெவிலியன், வெங்காயக் குமிழ் கோபுரங்களோடு ஊரின் நடுவே நின்றது. சுற்றிலும் ஊர் வளர்ந்து கடலையே மறைத்துவிட்டது. விக்டோரியாவும் கணவர் ஆல்பர்ட்டும் நடந்து போனால் பின்னாலேயே கூட்டம் வரும், சிலர் தொப்பிக்குள் எட்டிப் பார்ப்பார்கள். 1845-க்குப் பிறகு அரசி அங்கே தங்கப் போகவே இல்லை. கட்டடம் பின்னர் பிரைட்டன் நகரத்துக்கு விற்கப்பட்டது.

சொந்தப் பணத்தில் ஒரு வீடு

அப்போது பிரதமராக இருந்த சர் ராபர்ட் பீல்தான் ஆஸ்பர்ன் பண்ணை விலைக்கு வருவதைச் சொல்லி உதவியவர். விக்டோரியா சிறுமியாக இருந்தபோது அந்தத் தீவில் விடுமுறையைக் கழித்திருக்கிறார், இடம் பழக்கமானதுதான். முதலில் குடியிருந்து பார்த்துவிட்டு, 1845-ல் வாங்கினார்கள்.

அரசாங்கச் சொத்தாக அல்லாமல், தங்கள் சொந்தப் பணத்தில் வாங்கினார்கள் என்பதுதான் இங்கே முக்கியம். பக்கிங்ஹாம், விண்ட்சர் அரண்மனைகள் அரச பதவியோடு சேர்ந்து வருபவை. அங்கே ஒரு சுவரை இடிக்க வேண்டுமென்றாலும் அரசுத் துறைகளைக் கேட்க வேண்டும். ஆஸ்பர்னில் அது இல்லை. தனக்கென்று ஒரு இடம், அமைதியாக, ஒதுங்கி என்பதுதான் விக்டோரியாவின் ஆசையாக இருந்தது. அவர் அரசியாகும்போது வயது 18, திருமணமானது 20-ல். இந்த இடத்தை வாங்கும்போது நான்கு குழந்தைகள் இருந்தார்கள், பின்னால் ஒன்பது ஆனார்கள். பிள்ளைகள் ஓடி விளையாட ஒரு தோட்டம் வேண்டும் என்று ஒரு இளம் தாய் நினைத்ததில் என்ன ஆச்சரியம்?

பழைய வீடு சிறியது. அதை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டினார்கள். அதன் வாசல் முகப்பை மட்டும் காப்பாற்றி, தோட்டத்து மதிலுக்கு வாசலாக வைத்தார்கள். இன்றும் அது அங்கே இருக்கிறது.

வடிவமைப்பை ஆல்பர்ட் தன் கையில் எடுத்துக்கொண்டார். அரண்மனைக் கட்டடக் கலைஞர்கள் யாரையும் கூப்பிடவில்லை. லண்டனில் பெல்கிரேவியா பகுதியில் வரிசை வரிசையாக வீடு கட்டிப் பேரெடுத்த தாமஸ் கியூபிட் என்ற கட்டுமானக்காரரைக் கூட்டி வந்தார். தீவுக்கும் தரைக்கும் இடையே இருக்கும் சோலன்ட் நீரிணையைப் பார்த்தபோது ஆல்பர்ட்டுக்கு இத்தாலியின் நேப்பிள்ஸ் வளைகுடா ஞாபகம் வந்தது. அதனால் வீடும் இத்தாலிய வில்லா போலவே எழுந்தது. உயரமான இரண்டு சதுரக் கோபுரங்கள், தட்டையான கூரைகள், கடலை நோக்கிப் படிப்படியாக இறங்கும் மேடைத் தோட்டங்கள், நீரூற்றுகள். ஒரு கோபுரத்தில் கொடி, இன்னொன்றில் கடிகாரம்.

தூரத்தில் இருந்து பார்த்தால் கல் மாளிகை என்று தோன்றும். உண்மையில் செங்கல், மேலே கல் போலத் தோன்றும்படி சிமென்ட் பூச்சு. உள்ளே தீப்பிடிக்காமல் இருக்க இரும்பு உத்தரங்கள். மரபான தோற்றத்துக்குள் புதிய தொழில்நுட்பத்தை ஒளித்துவைப்பது விக்டோரியா காலக் கட்டடங்களின் பொதுக்குணம். மரம் நடும்போது ஆல்பர்ட் கோபுரத்தின் உச்சியில் நின்று கொடிகளை அசைத்து, எந்தக் கன்று எங்கே வர வேண்டும் என்று கீழே இருப்பவர்களுக்குக் காட்டுவாராம். வேலை முழுவதும் முடிய 1851 ஆனது. ஆனால் குடும்பம் குடியேறியது 1846 செப்டம்பரிலேயே, முதலில் கட்டி முடித்த பகுதியில்.

வரைபடத்தைப் படிப்போம்

அந்த முதல் பகுதிக்குப் பெவிலியன் என்று பெயர். விக்டோரியா காலத்துக் கோடைவீட்டின் உயிர்நாடி எது என்று கேட்டால், கோபுரத்தையோ நீரூற்றையோ காட்ட மாட்டேன். இந்தப் பகுதியின் அறை அமைப்பைத்தான் காட்டுவேன்.

கீழ்த்தளத்தில் சாப்பாட்டு அறை, வரவேற்பு அறை, பில்லியர்ட்ஸ் அறை மூன்றும் மாடிப்படியைச் சுற்றி 'ப' வடிவத்தில் ஒன்றையொன்று தொட்டு நிற்கின்றன. வரவேற்பு அறைக்கும் பில்லியர்ட்ஸ் அறைக்கும் நடுவே சுவர் கிடையாது. தூண்களும் திரைச்சீலையும்தான். இதில் ஒரு அழகான யோசனை இருக்கிறது. அரசி முன்னிலையில் யாரும் உட்காரக் கூடாது என்பது அன்றைய மரியாதை. ஆனால் அரசவையைச் சேர்ந்த ஆண்கள் கூப்பிட்ட குரலுக்கு வர வேண்டிய தூரத்திலும் இருக்க வேண்டும். மாலை முழுவதும் நின்றுகொண்டே இருப்பதா? பில்லியர்ட்ஸ் அறை வளைவுக்கு அந்தப் பக்கம் இருப்பதால், அவர்கள் அரசியின் கண்ணில் படாமல் உட்காரலாம், விளையாடலாம். கூப்பிட்டால் காது கேட்கும். ஒரு கட்டடத் திருப்பத்தால் அரசவை விதி ஒன்று மீறப்படாமலேயே தளர்ந்துவிட்டது. கோடைவீடு என்பதன் அர்த்தமே இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. சட்டதிட்டம் அங்கேயும் கூடவே வரும், கொஞ்சம் மூச்சுவிட மட்டும் இடம் கொடுக்கும்.

முதல் மாடியில் அரசியின் அறைகள். உட்காரும் அறையில் இரண்டு மேஜைகள் பக்கத்தில் பக்கத்தில் போட்டிருக்கும், ஒன்று அவருக்கு, ஒன்று ஆல்பர்ட்டுக்கு. அரசாங்கத்தின் சிவப்புப் பெட்டிகள் கோடைவிடுமுறை என்று நிற்பதில்லை. கடலைப் பார்த்துக்கொண்டே இருவரும் கோப்புகளைப் படித்துக் கையெழுத்துப் போட்டார்கள். அதற்கு மேல் மாடி முழுவதும் குழந்தைகளுக்கு. அப்பா அம்மா தூங்கும் இடத்துக்கு நேர் மேலேயே குழந்தைகளின் தொட்டில்கள் இருந்தது, அரண்மனை வாழ்க்கையில் அவ்வளவு சாதாரணமான ஏற்பாடு இல்லை.

மற்றவர்கள் எங்கே? அரசவைப் பணியாளர்கள், தோழிப் பெண்கள், செயலாளர்கள், வந்து போகும் அமைச்சர்கள் எல்லோருக்கும் தனியாக ஒரு கட்டடப் பகுதி. பெவிலியனோடு அதை இணைப்பது சிலைகள் வரிசையாக நிற்கும் ஒரு நீண்ட நடைபாதை. அந்த நடைபாதைதான் எல்லை. இந்தப் பக்கம் குடும்பம், அந்தப் பக்கம் அரசாங்கம். வசதியான விக்டோரியா காலக் கோடைவீடுகள் எல்லாவற்றிலும் ஏதோ ஒரு வடிவில் இப்படி ஒரு கோடு இருக்கும். சிறிய வீடுகளில் அது பின்கட்டு மாடிப்படியாகவோ, பச்சைத் துணி போர்த்திய ஒரு கதவாகவோ இருக்கும். அப்படி ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் இந்தக் கோட்டைத் தேடுங்கள். அது கிடைத்துவிட்டால் அந்த வீட்டில் யார் எப்படி வாழ்ந்தார்கள் என்பதில் பாதி தெரிந்துவிடும்.

சக்கரத்தில் ஒரு குளியலறை

வீட்டில் இருந்து கடற்கரைக்கு இறங்கிப் போனால் மரத்தாலான சின்னஞ்சிறு அறை ஒன்று சக்கரங்களின் மேல் நிற்கிறது. முன்னால் குட்டித் திண்ணை மாதிரி ஒரு தாழ்வாரம். குளியல் வண்டி என்று இதைச் சொல்லலாம். அன்றைய கடற்கரைகள் எல்லாவற்றிலும் இப்படிப்பட்ட வண்டிகள் வரிசையாக நிற்கும். உடை மாற்றுவதைக் கரையில் உள்ளவர்கள் பார்க்கக் கூடாது, குளிக்கும் உடையில் மணலில் நடந்து போகவும் கூடாது. அதனால் முழு உடையோடு பின்பக்கம் ஏறி, உள்ளே உடை மாற்றிக்கொள்வார்கள். வண்டியை ஒரு குதிரை கடலுக்குள் இழுத்துப் போகும். முன்பக்கம் கதவைத் திறந்து நேரே தண்ணீரில் இறங்க வேண்டியதுதான்.

அரசியின் வண்டிக்குக் குதிரை தேவைப்படவில்லை. கல் சரிவில் பதித்த தண்டவாளத்தின் மேல் அது கடலுக்குள் இறங்கியது. தாழ்வாரத்தில் திரை கட்டியிருந்ததால், தண்ணீர் கழுத்து மூடும் ஆழத்துக்குப் போகும்வரை யாரும் அவரைப் பார்க்க முடியாது. 1847 ஜூலை 30 அன்று, தன் 28-வது வயதில், விக்டோரியா வாழ்க்கையில் முதல்முறையாகக் கடலில் குளித்தார். ரொம்ப இன்பமாக இருந்தது, தலையைத் தண்ணீருக்குள் விட்டபோதுதான் மூச்சு முட்டிவிடும் போலிருந்தது என்று அன்றைய நாட்குறிப்பில் எழுதிவைத்தார். உலகத்தின் பெரிய கடற்படைக்குத் தலைவியாக இருந்தவர் அதுவரை கடலுக்குள் கால் வைத்ததில்லை. எனக்கு ஆஸ்பர்னில் மிகப் பிடித்த பொருள் இந்த வண்டிதான். அவர் இறந்த பிறகு இதைக் கோழி அடைக்கும் கூண்டாகக்கூடப் பயன்படுத்தினார்கள். 1950களில் செப்பனிட்டு மீட்டார்கள்.

பிள்ளைகளுக்கென்று தோட்டத்தின் கோடியில் 1854-ல் ஒரு சுவிஸ் மர வீடு கட்டினார் ஆல்பர்ட். உள்ளே சமையலறை இருந்தது, பிள்ளைகள் நிஜமாகவே அங்கே சமைத்தார்கள். வெளியே ஒவ்வொருவருக்கும் ஒரு பாத்தி, பெயரின் முதலெழுத்து பொறித்த சிறிய தள்ளுவண்டி. பிள்ளைகள் விளைத்த காய்கறியை ஆல்பர்ட் சந்தை விலை கொடுத்து வாங்கிக்கொள்வார். அந்தத் தள்ளுவண்டிகளை இன்றும் பார்க்கலாம்.

1861-க்குப் பிறகு

அந்த ஆண்டு டிசம்பரில் விண்ட்சரில் ஆல்பர்ட் இறந்தார். வயது 42. விக்டோரியா அதன்பின் வாழ்ந்த 39 ஆண்டுகளும் கறுப்பு உடையை விடவில்லை. ஆஸ்பர்னில் ஆல்பர்ட்டின் அறைகளை அவர் விட்டுப்போனபடியே வைத்திருக்கச் சொன்னார். கட்டிலில் ஆல்பர்ட் படுக்கும் பக்கம் அவருடைய பாக்கெட் கடிகாரத்தை வைக்கும் பை தொங்கிக்கொண்டே இருந்தது. மகள் ஆலிஸின் திருமணம் 1862 ஜூலையில் இந்த வீட்டுச் சாப்பாட்டு அறையிலேயே, துக்க வீட்டின் அமைதியில் நடந்தது.

கோடைக்கு மட்டும் என்று கட்டிய வீடு, இதற்குப் பிறகு கிறிஸ்துமஸுக்கும் வந்து தங்கும் வீடாகிவிட்டது. அரசி லண்டனுக்கு வர மறுத்ததால் அமைச்சர்கள் கப்பலேறித் தீவுக்கு வர வேண்டியிருந்தது. 1878 ஜனவரியில் அலெக்சாண்டர் கிரகாம் பெல் இங்கே வந்துதான் தன்னுடைய தொலைபேசியை அரசிக்குச் செய்து காட்டினார்.

தர்பார் அறை

1890-ல் வீட்டோடு புதிதாக ஒரு பகுதியைச் சேர்க்கத் தொடங்கினார்கள். அதன் கீழ்த்தளத்தில் இருப்பது தர்பார் அறை, பெரிய விருந்துகளுக்கான கூடம். இத்தாலிய வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்து, ஒரு கதவைத் திறந்தால் முழுக்க முழுக்க வெள்ளை வேலைப்பாட்டில் ஒரு வட இந்திய அரண்மனைக் கூடம்.

இதை வடிவமைத்தவர் பாய் ராம் சிங். பஞ்சாபைச் சேர்ந்த சீக்கியர், தச்சர் குடும்பத்தில் பிறந்து லாகூரின் மேயோ கலைப் பள்ளியில் பயின்றவர். அந்தப் பள்ளியின் தலைவர் ஜான் லாக்வுட் கிப்ளிங்தான் அவரைப் பரிந்துரைத்தார். 1891-ன் தொடக்கத்தில் சில மாத வேலை என்று வந்தவர் நெடுங்காலம் தங்கி முடித்துக் கொடுத்தார். கல்லில் செதுக்கியது போலத் தெரிவதெல்லாம் அச்சில் வார்த்த சுண்ணச்சாந்தும் காகிதக்கூழும். கணப்படுப்புக்கு மேலே தோகை விரித்து நிற்கும் மயிலுக்கு மட்டும் 500 மணி நேரம் ஆனதாகச் சொல்கிறார்கள். ஒவ்வொரு இறகின் கண்ணும் தனியாகத் தெரியும். அலங்காரத்தில் நம் பிள்ளையாரும் உண்டு. இதற்குப் போகும் நடைபாதையில் ஆஸ்திரிய ஓவியர் ருடால்ஃப் ஸ்வோபோடா தீட்டிய இந்தியர்களின் முகங்கள் வரிசையாக இருக்கின்றன. குயவர் பக்ஷிராம், நெசவாளர்கள், சிப்பாய்கள், பாய் ராம் சிங்கும் அதில் ஒருவர். மகாராஜாக்களைவிடக் கைத்தொழில் செய்தவர்களின் முகங்கள் அதிகம் என்பதால் அந்த நடைபாதையில் நிதானமாக நின்று பார்க்க வேண்டும்.

விக்டோரியா இந்தியாவுக்கு ஒருமுறைகூட வந்ததில்லை. இந்தியா அவரிடம் போனது, இப்படி அறையாகவும் ஆட்களாகவும். ஆக்ராவில் இருந்து 1887-ல் பணியாளாகப் போன அப்துல் கரீம் அவருக்கு இந்துஸ்தானி கற்றுக்கொடுக்கும் முன்ஷி ஆனார், ஆஸ்பர்னில் குடியிருக்க வீடும் பெற்றார். அரசி பயிற்சி நோட்டுகளில் உருது எழுதிப் பழகினார். இதையெல்லாம் ரசித்துப் பார்க்கும்போதே இன்னொன்றையும் நாம் மறக்க முடியாது. அவரை இந்தியாவின் பேரரசி என்று டில்லியில் பெரிய தர்பார் கூட்டி அறிவித்தது 1877 ஜனவரி 1 அன்று. அதே நாட்களில் சென்னை மாகாணத்தில் தாது வருஷப் பஞ்சம். லட்சக்கணக்கானவர்கள் பட்டினியால் செத்தார்கள். அந்தப் பட்டத்தின் பெருமைதான் இந்தத் தர்பார் அறையிலும் தெரிகிறது. வேலைப்பாட்டின் அழகு பாய் ராம் சிங்குக்குச் சொந்தம், அதை முழு மனசோடு பாராட்டலாம். அறை எதைக் கொண்டாடுகிறது என்பது வேறு கணக்கு.

பிறகு

விக்டோரியா 1901 ஜனவரி 22 அன்று இந்த வீட்டில்தான் கண்மூடினார். வயது 81. வீடு குடும்பத்திலேயே இருக்க வேண்டும் என்பது அவர் விருப்பம், ஆனால் மகன் ஏழாம் எட்வர்டுக்கு அதை வைத்துக்கொள்ள மனமில்லை. 1902-ல் தன் முடிசூட்டு நாளில் நாட்டுக்குக் கொடுத்துவிட்டார். சொந்தச் சொத்தாக வாங்கியிருந்ததால்தான் அப்படிக் கொடுக்க முடிந்தது. 1903 முதல் 1921 வரை வளாகத்தில் இளம் கடற்படை மாணவர்களுக்கான கல்லூரி நடந்தது. வீட்டின் ஒரு பகுதி காயம்பட்ட, உடல்நலம் தேறிவரும் அதிகாரிகள் தங்கும் இல்லமாயிற்று. அரசியின் அந்தரங்க அறைகளை மட்டும் பூட்டிவைத்தார்கள். இரண்டாம் எலிசபெத் அனுமதித்த பிறகு 1954-ல்தான் மக்கள் அவற்றைப் பார்க்க முடிந்தது. இப்போது இங்கிலிஷ் ஹெரிட்டேஜ் அமைப்பு பராமரிக்கிறது.

சவுத்தாம்ப்டனில் இருந்து கிழக்கு கவ்ஸுக்கு ஃபெர்ரி இருக்கிறது, இறங்கியதும் மாளிகை பக்கம்தான். போனால் பெவிலியனில் தொடங்குங்கள், பில்லியர்ட்ஸ் அறையின் தூண்களுக்குப் பின்னால் நின்று வரவேற்பு அறையை ஒருமுறை பாருங்கள். தர்பார் அறைக்கு நேரம் ஒதுக்குங்கள், வெளிச்சம் இருக்கும்போதே கடற்கரைக்கு இறங்கிவிடுங்கள். அரச குடும்பத்துக்கு மட்டும் என்றிருந்த அந்தக் கரையை 2012-ல் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். மாற்றுடை கொண்டுபோனால் குளிக்கவும் செய்யலாம்.